ஸ்பூல் டேப் ரெக்கார்டர் வாங்குகிறீர்களா? கடைக்காரர் போட்டுக் காட்டும் டேப்பை நம்பாதீர்கள்

கும்பகோணத்தில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் ரூ.38,000 கொடுத்து ஸ்பூல் டேப் ரெக்கார்டர் (கேசட்டுக்குப் பதில் பெரிய சக்கரத்தில் சுற்றிய டேப்பை ஓட்டும் மெஷின்) வாங்கி ஏமாந்துவிட்டேன். வீட்டுப் பரணில் பழைய டேப்பை வைத்துக்கொண்டு என்னைப் போல மெஷின் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாயவரம் பக்கத்தில் எங்கள் ஊர். கோயில் திருவிழாவில் அப்பா பதிவு செய்த நாகஸ்வரக் கச்சேரி ஏழு ஸ்பூல் என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்கத்தான் மெஷின் தேடினேன்.

கடையில் அவர் ஒரு சினிமாப் பாட்டு ஸ்பூலைப் போட்டார். சுத்தமாகப் பாடியது. அந்த ஸ்பூலையும் சும்மாவே கொடுத்தார். 230 வோல்ட்டை 120 ஆக இறக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் தந்தார். சரி, நல்ல மனுஷர் என்று நினைத்தேன். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டுதான் கிடைத்தது.

வீட்டில் அப்பாவின் முதல் ஸ்பூலைப் போட்டால் தோடி ராகம் இழுத்துக்கொண்டே போகிறது. எதிர்வீட்டுத் தவில்கார மாமா வாசலிலேயே நின்று கேட்டார். "ஏன் தம்பி, ஒரு கட்டையில யாரு நாயனம் வாசிக்கிறா? அது ரெண்டரைக் கட்டை பாரி நாயனமாச்சே, அன்னைக்கு நானும்ல அந்த மேளத்துல இருந்தேன்" என்றார். (கட்டை என்பது சுருதியின் அளவு. பாரி நாயனம் நீளமான நாகஸ்வரம்.)

அப்புறம்தான் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். புது ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் பழைய தகடு: 120 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ், அதாவது ஏசி கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு). அமெரிக்காவுக்கென்று செய்த மெஷின். நம் கரண்ட் 50 சைக்கிள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் இறக்கும், சைக்கிளை மாற்றாது. இந்த மாதிரி மோட்டார் சைக்கிளுக்குத் தகுந்தபடிதான் சுற்றும். நொடிக்கு 19 செ.மீ. ஓட வேண்டிய டேப் 16 செ.மீ.கூட ஓடாது. சுருதி ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும். 32 நிமிஷ ஸ்பூல் 38 நிமிஷம் ஓடும். (ரெவாக்ஸ் ஏ77 மாதிரி மின்னணுவால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெஷினில் இந்தத் தொல்லை இல்லை.)

அப்படியென்றால் சினிமாப் பாட்டு மட்டும் எப்படிச் சரியாகப் பாடியது? தஞ்சாவூரில் ஒரு நண்பரின் மெஷினில் அதே ஸ்பூலைப் போட்டோம். பாடகர் குரல் குழந்தைக் குரலாகிவிட்டது. கடைக்காரர் அந்தப் பாட்டை எனக்கு விற்ற மெஷினிலேயே பதிவு செய்திருக்கிறார். மெதுவாகப் பதிந்து மெதுவாக ஓட்டினால் காதுக்கு ஒரு குறையும் தெரியாது. விஷயம் தெரிந்தே செய்த ஏமாற்று இது. என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. பின்னோக்கிச் சுற்றும்போது நிறுத்தினேன். பிரேக் பிடிக்கவில்லை. டேப் பந்தாகச் சரிந்து இரண்டு இடத்தில் அறுந்தது. அப்பாவின் டேப் அசிடேட் வகை, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும், இழுபடாமல் பட்டென்று அறுந்துவிடும். நல்லவேளை, அறுந்த முனை சுத்தமாக இருந்ததால் ஒட்டுவதற்கென்றே உள்ள டேப் வாங்கி ஒட்டிவிட்டேன். செல்லோடேப் மட்டும் போட்டுவிடாதீர்கள், பசை கசிந்து அடுத்த சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும்.

விற்றவரிடம் போனேன். "பழைய பொருளுக்கு ஏதுங்க கேரண்டி" என்றார். அதன்பிறகு போனை எடுப்பதில்லை. 1915க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். துண்டுச் சீட்டும் உரித்த ஸ்டிக்கரும் பத்திரமாக இருக்கின்றன.

வாங்கப் போகிறவர்கள் வேறு மெஷினில் பதிந்த, போனால் பரவாயில்லாத ஒரு டேப்பைக் கையோடு கொண்டுபோங்கள். பின்பக்கத் தகட்டை நீங்களே படியுங்கள். வேகமாகச் சுற்றவிட்டு நிறுத்திப் பாருங்கள். ஹெட்டின் (டேப் உரசிச் செல்லும், ஒலியைப் படிக்கும் பாகம்) மேல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள், டேப் தேய்த்த பள்ளத்தின் விளிம்பு தட்டினால் தேய்ந்த ஹெட்.

முதல் ஸ்பூலை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றி வேகத்தை 1.2 மடங்காக்கி மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். தொடையில் தாளம் போட்டபடி முழுதும் கேட்டார். மீதி ஆறு ஸ்பூலை இந்த மெஷினில் ஏற்றுவதாக இல்லை. டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்ட 50 சைக்கிளுக்கான மோட்டார் புல்லி (மோட்டார் அச்சில் மாட்டும் சிறு சக்கரம்) கடைந்து தரும் லேத்காரர் டெல்டா பக்கம் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.