வெள்ளை அழுகலா, பழுப்பு அழுகலா: நச்சுக்கழிவைத் தின்ன எந்தப் பூஞ்சை தேவலை?

இற்றுப்போன மரத்துண்டு ஒன்றைக் கையால் பிய்த்துப் பாருங்கள். வெளிறிப்போய், பஞ்சு மாதிரி அமுங்கி, நார் நாராக வந்தால் அது வெள்ளை அழுகல். கரும்பழுப்பாகி, குறுக்கும் நெடுக்கும் வெடித்து, சின்னச் சின்னக் கட்டிகளாக உடைந்து விரலில் பொடியானால் பழுப்பு அழுகல். இரண்டுமே பூஞ்சைகளின் வேலைதான், ஆனால் தின்னும் விதம் அடியோடு வேறு. பூச்சிக்கொல்லி, சாயக்கழிவு போன்றவற்றைச் சிதைக்க எதை நம்பலாம் என்பதும் அதைப் பொறுத்ததே. மென்னழுகல் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. வேகம் குறைவு என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

மரத்தில் பூஞ்சைக்கு வேண்டியது செல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலி நார். அதைச் சுற்றி, மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னின் என்ற பொருள் இறுகிக் கிடக்கிறது. லிக்னினுக்கு ஒழுங்கான வடிவமே கிடையாது. பிணைப்புகள் தாறுமாறானவை என்பதால், குறிப்பிட்ட ஒரு பிணைப்பை மட்டும் வெட்டும் சாதாரண நொதிகள் அதனிடம் தோற்றுப்போகின்றன.

வெள்ளை அழுகல் பூஞ்சைகள் இதற்கு வைத்திருக்கும் வழி அலாதியானது. லிக்னின் பெராக்சிடேஸ், மாங்கனீசு பெராக்சிடேஸ், லாக்கேஸ் ஆகிய நொதிகளை இழைகளிலிருந்து வெளியே கசியவிடுகின்றன. இவை மூலக்கூறின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுகின்றன, அதன்பின் மூலக்கூறு தானாகவே உடைகிறது. லிக்னின் பெராக்சிடேஸ் 1983-இல் பெனரோகீட்டே கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையில் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 1985-இல், அதே பூஞ்சை டிடிடி, லிண்டேன் ஆகிய பூச்சிக்கொல்லிகள், புகையிலும் தாரிலும் உள்ள பென்சோபைரீன் போன்றவற்றையும் ஆக்சிஜனேற்றிச் சிதைப்பதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் முன்னோர்கள் டிடிடியைக் கண்டதே இல்லை. எதைத் தொடுகிறோம் என்று பார்க்காத நொதிக்கு அது ஒரு பொருட்டும் இல்லை.

ஆனால் லிக்னினைத் தின்று மட்டும் இது பிழைக்காது. வைக்கோலோ மரத்தூளோ கூடவே போட வேண்டும். இன்னொரு விசித்திரம்: கிரைசோஸ்போரியத்தில் நைட்ரஜன் தட்டுப்பாடு வந்தால்தான் இந்த நொதிகள் சுரக்கும். வேலை வேகமாக நடக்கட்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டால் காரியம் கெட்டுவிடும்.

பழுப்பு அழுகல் பூஞ்சைகள் இந்தப் பெராக்சிடேஸ்களைப் பரிணாமப் பாதையில் கைவிட்டவை. மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டால் இவற்றின் மூதாதைகள் வெள்ளை அழுகல் வகை என்று தெரிகிறது. நொதிக்குப் பதில் இவை நம்புவது இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும். இரண்டும் சந்திக்கும்போது ஹைட்ராக்சில் உறுப்புகள் (எதையும் உடனே தாக்கும் நிலையற்ற மூலக்கூறுத் துண்டுகள்) பிறந்து செல்லுலோஸ் சங்கிலிகளைத் துண்டாடுகின்றன. ஃபென்டன் வினை என்று வேதியியல் வகுப்பில் படிக்கிறோமே, அதேதான். லிக்னின் கொஞ்சம் உருமாறி அப்படியே மிஞ்சுவதால்தான் அந்தப் பழுப்பு நிறம். எடையில் பத்து சதவீதம்கூடக் குறையாத நிலையிலேயே மரம் வலுவின் பெரும்பகுதியை இழந்திருக்கும். ஐரோப்பாவில் வீட்டு மரத்தை அழுகவைத்துப் பழைய வீட்டுக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் செர்புலா லாக்ரிமன்ஸ் இந்த வகைதான். காட்டில் அது இமயமலைப் பகுதியில் வளர்கிறது.

நச்சுச் சிதைப்பில் இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஹைட்ராக்சில் உறுப்பு மிக வலுவான ஆக்சிஜனேற்றி. கால்நடைகளுக்குத் தரப்படும் என்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை க்ளியோஃபில்லம் ஸ்ட்ரையேட்டம் என்ற பழுப்பு அழுகல் பூஞ்சை உடைக்கிறது. அழுகாமல் இருக்கச் செம்பு கலந்த மருந்தேற்றிய மரத்தையும் இவற்றில் சில அசராமல் தின்னும், ஏனென்றால் இவை சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் செம்பைக் கரையாத படிகமாக முடக்கிவிடுகிறது. பழைய மருந்து மரத்திலிருந்து உலோகங்களைப் பிரிக்க இந்த அமிலத்தைப் பயன்படுத்தும் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. அந்த ஒரு வேலைக்கு என்றால் நானும் பழுப்புப் பக்கம்தான்.

மற்றபடி என் ஓட்டு வெள்ளைக்கு. அதிலும் ஆய்வகத்தின் செல்லப்பிள்ளையான கிரைசோஸ்போரியத்துக்கு அல்ல. அது 40 டிகிரி சூட்டை விரும்பும் மரவாசி. சாதாரண மண்ணில் விட்டால் அங்கே ஏற்கனவே இருக்கும் நுண்ணுயிர்கள் அதை ஒதுக்கிவிடும். நம்மூரில் வைக்கோலைப் பாலித்தீன் பையில் அடைத்து வளர்க்கிறார்களே, சிப்பிக் காளான், அதுவும் வெள்ளை அழுகல் பூஞ்சைதான். அறுவடை முடிந்து தூக்கிப்போடும் படுக்கையில் உயிருள்ள இழைகளும் லாக்கேஸும் மிச்சமிருக்கும். தீனியோடு சேர்ந்தே வருவதால் மண்ணில் தாக்குப்பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். விலையும் மலிவு.

சாயத்தண்ணீரின் நிறம் போய்விட்டது என்று மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. நிறம் போன பிறகும் நச்சுள்ள துண்டுகள் மிஞ்சலாம், அதனால் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும். அப்புறம், காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை எந்தப் பூஞ்சையாலும் சிதைக்க முடியாது. காளான் அவற்றை உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். கழிவுமண்ணில் போட்ட படுக்கையில் மறுபடி காளான் முளைத்தால், எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் அது சமையலுக்கு ஆகாது.