முதல் தறி எது? சட்டம், ரிஜிட் ஹெடில், இடுப்புத் தறி

நெசவு பழக நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது விலையை. நான் வேறொன்றைக் கேட்கச் சொல்வேன்: பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, இழுத்துப் பிடித்திருப்பது எது? இந்த மூன்று தறிகளும் பிரிகிற இடம் அதுதான்.

சட்டத் தறியில் அது ஆணிகளின் வேலை. நான்கு மரச்சட்டம், மேலும் கீழும் வரிசையாக ஆணி, வீட்டிலேயே அடித்துக்கொள்ளலாம். ஆனால் நெய்ய நெய்யப் பாவு விறைத்துக்கொண்டே போகும், தளர்த்த வழியில்லை. கடைசி நாலு விரல் அகலத்தில் ஊசி நுழைவதே பெரும்பாடு. சுவரில் மாட்டும் சித்திர நெசவுக்கு அருமையான தறி. துண்டு நெய்ய ஆசைப்பட்டு இதை வாங்க வேண்டாம்.

ரிஜிட் ஹெடிலில் முன்னும் பின்னும் உருளைகள், அவற்றைப் பூட்டிவைக்கப் பல்சக்கரம். நடுவே துளையும் நீளப் பிளவும் மாறி மாறி அமைந்த ஒரு தட்டி, தறிக்குப் பெயர் தந்த ரிஜிட் ஹெடில் இதுதான். தூக்கினால் துளையில் கோத்த இழைகள் மேலே போகும், இறக்கினால் கீழே வரும். பிளவில் உள்ளவை நின்ற இடத்திலேயே நிற்கும். ஊடையை, அதாவது குறுக்கே ஓடும் இழையை, தட்டி நெருக்குவதும் இதே தட்டிதான். நெய்த துணியைச் சுருட்டிக்கொண்டே போவதால் நீளத்துக்குச் சட்டம் தடையில்லை. சென்டிமீட்டருக்கு 4 இழை, 40 செ.மீ. அகலம் என்றால் 160 இழை. கோக்க நேரமாகும்தான், ஆனாலும் வாரக் கடைசியில் முடிகிற வேலை. 2 மீட்டர் பாவு போட்டால் முடிச்சுக்கும் கழிவுக்கும் அரை மீட்டர் வரை போய்விடும். அதைக் கணக்கில் வைத்தே நூல் வாங்குங்கள். பாவைச் சுற்றும்போது அடுக்குகளுக்கு நடுவே தடித்த காகிதம் கொடுப்பதைத் தவிர்க்காதீர்கள். இல்லாவிட்டால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் அமிழ்ந்து, சில இழைகள் மட்டும் தொய்ந்துவிடும். ஒரு குறை: ஒற்றைத் தட்டியில் இயல்பாக வருவது, ஒன்று மேல் ஒன்று கீழாகப் போகும் சாதா நெசவு மட்டும்தான். துணியில் சாய்ந்த கோடுகள் விழும் சாய்கோட்டு நெசவு வேண்டுமென்றால் கூடுதல் தட்டியோ, பாவை நான்கு தொகுதியாகத் தூக்கும் 4 சட்ட மேசைத் தறியோ தேவை.

இடுப்புத் தறியில் தறியே நீங்கள்தான். ஒரு முனை தூணில், மறுமுனை இடுப்புப் பட்டையில். முன்னால் சாய்ந்தால் பாவு தளரும், பின்னால் சாய்ந்தால் இறுகும். நாகாலாந்துப் பெண்கள் இதில்தான் சால்வை நெய்கிறார்கள். அகலம் கைக்கெட்டும் அளவுதான் என்பதால் தனித்தனிப் பட்டைகளாக நெய்து சேர்த்துத் தைப்பார்கள். செலவு சில குச்சிகள் மட்டுமே. இழுவையை உடம்பாலேயே உணரவைப்பதில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லாமல் தொடங்கினால், விழுது, அதாவது பாவு இழைகளைத் தூக்கும் நூல் வளையங்கள், கட்டும்போதே பலர் கைவிட்டுவிடுவார்கள்.

தனியாகப் பழகுகிறவருக்கு என் தேர்வு ரிஜிட் ஹெடில்தான். சொல்லித்தர ஆள் கிடைத்தால், யோசிக்காமல் இடுப்புத் தறியில் உட்காருங்கள். அப்புறம், எந்தத் தறியானாலும் ஊடையை நேராக இழுக்காமல் கொஞ்சம் சாய்வாக விட்டுத் தட்டுங்கள். ஓரம் உள்ளே சுருங்குவது குறையும். முதல் பாவுக்கு, முறுக்கேறிய தடித்த பருத்தி நூல் போதும்.