எங்கள் டவுன் தாய்சேய் கிளினிக்: தங்கச்சியோடு போன அனுபவம்

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் தங்கச்சி ஏழாம் மாதத்தில் எங்கள் செம்பனைத் தோட்டத்து டவுனுக்கே வந்துவிட்டாள், பதிவை இங்குள்ள அரசு கிளினிக்குக்கு மாற்றினோம். காலை 7.30க்கே போனாலும் உள்ளே கூப்பிடப் பத்தரை ஆகிறது, நாற்காலியும் போதவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்க்க மனசு கேட்கவில்லை, இதைக் கட்டாயம் சரி செய்ய வேண்டும்.

ஆனால் மிஸ்ஸிகள் (நர்ஸ்கள்) தங்கம். கர்ப்பகாலப் புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் படித்துவிட்டு, அங்கே எப்படி இருந்தாய் என்றுதான் முதலில் கேட்டார்கள்: நாள் முழுக்க ஆபீஸ் நாற்காலி, இரவு பத்து மணிக்குக் கடைச் சாப்பாடு, தினமும் இரண்டு வேளை இனிப்பான தே தாரிக் (ஆற்றிய பால் டீ), பெரிய ரோட்டை ஒட்டிய வீடு. வாகனப் புகையிலும் புகைமூட்டத்திலும் இருக்கும் பி.எம் 2.5 நுண்துகளுக்கும் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை இவற்றுக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு மிஸ்ஸி பொறுமையாகத் தமிழிலேயே விளக்கினார். நகரத்தில் யாரும் இவ்வளவு நேரம் கொடுத்துப் பேசவில்லையாம்.

அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். ரத்தச் சர்க்கரை 8.4 mmol/L வந்தது, 7.8 தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை நோய். அவளுக்கு ஒரு அறிகுறியும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாப்பாடு, நடை இரண்டையும் எழுதிக் கொடுத்து அடுத்த வாரமே வரச் சொன்னார்கள். போகிறவர்கள் தண்ணீரும், முடிந்தால் மடக்கு நாற்காலியும் கொண்டு போங்கள்.