டோசிங் பம்ப் ஒன்று, அடாப்டர் மூன்று

லாஸ்பேட்டையில் இருக்கும் நண்பன் நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பினான். மீன் தொட்டிச் செடிகளுக்குத் தினமும் அளவாக உரம் விட நான் வைத்திருக்கும் அதே இரண்டு தலை டோசிங் பம்ப் (தலைக்கு ஒரு மோட்டார், ஒரு டியூப்), விலை குறைந்திருக்கிறது. கீழே பொடி எழுத்தில் ‘அடாப்டர் தனி’ என்று போட்டிருக்கிறது. “மச்சான், இதுக்கு எந்த அடாப்டர் போடணும்? ரெண்டு ஆம்ப் போட்டா மோட்டார் புகைஞ்சிடுமா?”

அடாப்டர் இல்லாமல் விற்கிறார்களா? நல்லது. என்னுடையது அடாப்டரோடு வந்தது, அதுதான் வினை.

பம்ப் மேல் எனக்குக் குறை கிடையாது. ரோலர் ஒழுங்காகச் சுற்றுகிறது. டியூபை ஒரு முறை மாற்றியதோடு சரி. காலை ஏழு மணிக்கு ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம், பன்னிரண்டு வினாடி, முடிந்தது. இரண்டடித் தொட்டிச் செடிகளுக்குத் தினமும் சிரிஞ்சும் கையுமாக நின்ற வேலை போயிற்று. ஒரு பாட்டிலில் பொட்டாசியம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும், இன்னொன்றில் இரும்புச்சத்து கலந்த நுண்ணூட்டம். பாஸ்பேட்டும் இரும்பும் ஒரே பாட்டிலில் சேர்ந்தால் அடியில் வண்டலாகப் படிந்துவிடும், அதற்குத்தான் இரண்டு தலை.

நாளுக்கு 10 மில்லி என்றால் அரை லிட்டர் பாட்டில் 50 நாளில் காலியாக வேண்டும். ஐம்பதாம் நாள் பார்க்கிறேன், அடியில் இன்னும் 100 மில்லி நிற்கிறது. இரண்டு பாட்டிலிலும் அப்படியே. நான்தான் கணக்கில் கோட்டை விட்டேன் என்று நினைத்துத் திரும்ப அளந்தேன். ஒவ்வொரு தலையாக ஒரு நிமிடம் ஓடவிட்டால் சரியாக 50 மில்லி வருகிறது. பாட்டிலில் மட்டும் மிச்சம்.

கடைசியில் மல்டிமீட்டரை எடுத்தேன். பம்ப் சும்மா இருக்கும்போது அடாப்டர் தருவது 12.3 வோல்ட். ஒரு தலை ஓடினால் 11.6. இரண்டும் சேர்ந்து ஓடினால் 9.4! இந்த மாதிரி பம்பு நேரத்தை வைத்துத்தான் அளக்கிறது. வோல்ட் இறங்கினால் டிசி மோட்டார் மெதுவாகச் சுற்றும், பன்னிரண்டு வினாடியில் பத்து மில்லிக்குப் பதில் எட்டுதான் விழும். அளந்து பார்த்ததோ ஒவ்வொரு தலையாக, ஓடவிட்டதோ இரண்டையும் ஏழு மணிக்கே. ஒன்றை எட்டு மணிக்குத் தள்ளியிருந்தால் காசு செலவில்லாமல் முடிந்திருக்கும். என் தப்பும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தலை 0.4 ஆம்ப் இழுக்கிறது, இரண்டும் சேர்த்து 0.8. அடாப்டர் முதுகில் 1 ஆம்ப் என்று ஒட்டியிருக்கிறானே, அதை எந்தத் தைரியத்தில் ஒட்டினான்?

அடுத்து, அலமாரியில் கிடந்த பழைய மோடம் அடாப்டர். 12 வோல்ட், 1.5 ஆம்ப். பின் உள்ளே போனது, விளக்கு எரிந்தது, நானும் சந்தோஷப்பட்டேன். அதன் ஓட்டை 2.5 மில்லிமீட்டர், பம்பில் இருக்கும் ஊசி 2.1. வெளிச்சுற்று இரண்டிலும் 5.5 என்பதால் உள்ளே போய் லொடலொடவென்று நிற்கும். மீன் தொட்டி ஸ்டாண்டில் யாராவது காலை இடித்தால் தொடர்பு விட்டு, பம்பின் கடிகாரம் 00:00-க்குப் போய்விடும். அந்த மாதம் உரம் எப்போது விழுந்தது என்று பம்புக்கே தெரியாது. தொட்டியில் இருக்கும் அமேசான் ஸ்வார்டு செடியின் புது இலையெல்லாம் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் வெளிறி வந்தது.

(2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த ராத்திரி கரண்ட் போனபோதும் கடிகாரம் அப்படித்தான் போனது. அது அடாப்டர் குற்றமில்லை. கடிகாரத்துக்கு ஒரு சின்ன பேட்டரி வைக்காதவன் குற்றம்.)

மூன்றாவது, கடலூர் லாரன்ஸ் ரோட்டில் நின்று பார்த்து வாங்கியது. 12 வோல்ட் 2 ஆம்ப், 2.1 பின், நடுவில் பிளஸ், பிஐஎஸ் தர முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் எண்ணும் உண்டு. இரண்டு தலையும் ஓடும்போது 11.9. மாற்றிய அன்றே இரண்டு தலையையும் மறுபடி அளந்து பதிந்தேன். இல்லாவிட்டால் இப்போது கூடுதலாக விழும்.

ஆகவே நண்பா, வோல்ட் அச்சாக 12 இருக்கட்டும். ஆம்ப் கூட இருந்தால் ஒன்றும் ஆகாது, மோட்டார் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். கிளம்பும் நொடியில் அது பல மடங்கு இழுக்கும் என்பதால் இரட்டிப்பாகவே வாங்கு. அடாப்டரைத் தொட்டிக்குக் கீழே வைக்காதே. வயர் பிளக்குக்கு வரும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். எங்கள் தேவனாம்பட்டினத்து உப்புக்காற்றில் முதல் அடாப்டரின் பின் பச்சை பூத்துவிட்டது. உங்கள் பக்கமும் கடல் ரொம்பத் தூரமில்லை.

ஏழு மாதமாக ஒரு நாள்கூடத் தவறவில்லை, ஸ்வார்டு தழைத்துவிட்டது. இருந்தாலும் அடாப்டரோடு வந்த அந்தப் பம்புக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுப்பேன். அந்த முதல் அடாப்டர் இப்போது எங்கள் வீட்டுப் பூஜை அலமாரி எல்இடி பட்டைக்குப் போயிருக்கிறது. அங்கே மட்டும் சிணுங்காமல் எரிகிறது, சனியன்.