லிஸ்ட் மனப்பாடமா, வேலை விளம்பரத்துல இருந்து பொறுக்குறதா?

வேலைக்கு அப்ளை பண்ண இங்கிலீஷ் வார்த்தை கத்துக்க ரெண்டு வழியையும் செஞ்சு பாத்துட்டேன்.

முதல்ல லிஸ்ட். அகாடமிக் வேர்ட் லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, 2000ல நியூசிலாந்து மொழி ஆராய்ச்சியாளர் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் வெளியிட்டது, 570 சொல் குடும்பம், அதாவது ஒரு சொல்லும் அதுல இருந்து வர்ற மத்த சொல்லுங்களும் சேந்து ஒரு குடும்பம். அத ஆன்கி ஆப்ல ஏத்தி தினம் பத்து கார்டு பாத்தா, மறக்கப்போற நேரமா பாத்து அதுவே திரும்பக் கேக்கும், நல்லா பதியுது. ஆனா அது காலேஜ் புக்ஸ் படிக்கிறவங்களுக்குப் போட்ட லிஸ்ட், அர்த்தம் தெரியுமே தவிர மெயில் எழுத உக்காந்தா கை ஓடாது.

ரெண்டாவது, நமக்கு வேணும்ங்கிற வேலைக்கு வந்த விளம்பரம் ஒரு இருபது எடுத்து வச்சிக்கிட்டு திரும்பத் திரும்ப வர்ற சொல்ல நோட்டுல எழுதுறது. அக்கவுண்ட்ஸ்னா ரீகன்சிலியேஷன், இன்வாய்ஸ், வெண்டர் பேமென்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன்ஸ் இதுங்கதான் சுத்திச் சுத்தி வரும். எனக்கு இதுதான் புடிச்சிருக்கு, ஏன்னா சொல் தனியா வராம ஜோடியோட வருது, ரெஸ்பான்சிபிள்னா பின்னாடி ஃபார், எக்ஸ்பீரியன்ஸ்னா இன், அப்படியே வாய்க்கு வந்துரும். ரெஸ்யூமேல போடும்போது மட்டும் செஞ்சு முடிச்ச வேலைய பாஸ்ட் டென்ஸ்ல மாத்திக்கோங்க, மேனேஜ் இல்ல, மேனேஜ்டு.

ஒரு விஷயம், வெளிநாட்டு கம்பெனிக்குன்னா '2019ல பாஸ்டு அவுட்'னு எழுதாதீங்க, அங்க அது மயங்கி விழுந்தேன்னு அர்த்தம், கிராஜுவேட்டட்னு போடுங்க.

நேரம் கம்மின்னா விளம்பரத்துலயே ஆரம்பிங்க, அந்த ஜோடிகளையே ஆன்கில கார்டா போட்டுக்கலாம்.