எமுலேட்டரில் ஹைப்ரிட் ஆப் சோதனை: லாக்கேட்டும் குரோம் இன்ஸ்பெக்ட்டும்

வலைப்பக்கம் போல எழுதி போன் ஆப்பாகப் பொதிக்கும் ஹைப்ரிட் ஆப்களை, கார்டோவா என்ற கருவியின் காலத்திலிருந்து இன்றைய கெப்பாசிட்டர் வரை எழுதி வருகிறேன். சோதனை பெரும்பாலும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ எமுலேட்டரில்தான், அதாவது கணினிக்குள் ஓடும் போலிப் போனில். ஆப் ஓடும்போது பதிவாகும் செய்திகளை, அதாவது லாக்கை, பார்க்க இரண்டு கருவிகள் எப்போதும் திறந்தே இருக்கும்: ஆப்பின் வலைப்பகுதியைக் காட்டும் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கம், போன் முழுவதின் செய்திகளையும் காட்டும் ஏடிபி லாக்கேட். ஒன்றைக் கற்றுக்கொள்ளத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், தயங்காமல் லாக்கேட்டைச் சொல்வேன்.

இன்ஸ்பெக்ட் சுகமானது, அதில் சந்தேகம் இல்லை. ஆண்ட்ராய்டு 4.4-இல் தொடங்கிய வசதி இது. டீபக் பில்டை (சோதனைக்கான ஆப் பதிப்பை) எமுலேட்டரில் ஓடவிட்டால் குரோமில் ஆப்பின் பெயர் வந்து நிற்கும். கன்சோல், நெட்வொர்க், லோக்கல் ஸ்டோரேஜ் எல்லாவற்றையும் சாதாரண வலைப்பக்கத்துக்குப் பார்ப்பது போலவே பார்க்கலாம். ஒரு ஆப்ஜெக்டை அச்சிட்டால் அதை விரித்து உள்ளே போகலாம். லாக்கேட்டில் அதே ஆப்ஜெக்ட் வெறும் ‘ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்’ என்றுதான் வரும்; ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை போட்டு எழுத்தாக மாற்றி அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினாலும் ஒரு பதிவு சுமார் 4,000 பைட்டைத் தாண்டினால் வால் அறுந்துவிடும். சர்வரிடமிருந்து வரும் பெரிய ஏபிஐ பதிலைப் பார்க்க லாக்கேட் உதவாது.

ஆனால் ஆப் செத்துப்போகும் நேரத்தில் இன்ஸ்பெக்ட்டும் கூடவே போய்விடுகிறது. கேமராவை ஆப்போடு இணைக்கும் ப்ளகின் ஒன்று, வலைப்பகுதிக்கு வெளியே ஆண்ட்ராய்டின் ஜாவா பக்கத்தில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். குரோமில் இணைப்பு அறுந்தது என்ற செய்தி மட்டும்தான் மிஞ்சும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு நடந்தது எதுவும் தெரியாது. லாக்கேட்டில் ‘ஆண்ட்ராய்டு ரன்டைம்’ டேகில் (செய்தி எங்கிருந்து வந்தது என்று காட்டும் பெயர்), ‘ஃபேட்டல் எக்செப்ஷன்’ என்ற வரியோடு முழுக் கதையும் இருக்கும். நான் அதை மேலிருந்து படிப்பதில்லை. கடைசியாக வரும் ‘காஸ்டு பை’ (இதனால் நேர்ந்தது) வரிக்கு நேராகப் போய், அதற்குக் கீழே நம் பேக்கேஜ் பெயரோ ப்ளகின் பெயரோ எங்கே வருகிறது என்று தேடுவேன். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

வெள்ளைத் திரை இன்னொரு தலைவலி. ஆப் திறக்கிறது, ஸ்பிளாஷ் போகிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை. பழைய ஆண்ட்ராய்டு இமேஜ் (எமுலேட்டரில் ஏற்றும் ஆண்ட்ராய்டு பதிப்பு) உள்ள எமுலேட்டரில் இது அடிக்கடி வரும். ‘குரோமியம்’ டேகை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் ‘அன்காட் சின்டாக்ஸ் எரர், அனெக்ஸ்பெக்டட் டோக்கன்’ என்று ஒரே வரி இருக்கும். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஆப்ஷனல் செயினிங் என்ற ஜாவாஸ்கிரிப்ட் எழுத்துமுறை குரோம் 80-இல்தான் வந்தது. ஆப்புக்குள் வலைப்பகுதியைக் காட்டும் உலாவிதான் வெப்வியூ; அந்த இமேஜில் இருப்பது அதற்கும் முந்தையது. பழைய உலாவிக்கும் புரியும்படி பில்டின் டார்கெட்டைக் குறைக்கலாம், அல்லது ப்ளே ஸ்டோர் உள்ள இமேஜை எடுத்து வெப்வியூவைப் புதுப்பித்துப் பார்க்கலாம். பழைய போன் வைத்திருப்பவர்களும் பயனர்கள்தான் என்பதால் முதல் வழியே எனக்குச் சரி.

லோக்கல்ஹோஸ்ட் (ஒரு கருவி தன்னையே குறிக்கும் முகவரி) சிக்கலும் லாக்கில் தெளிவாகத் தெரியும். கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு என்று வந்தால், எமுலேட்டர் தன்னையே அழைத்துக்கொண்டிருக்கிறது. கணினியில் ஓடும் சர்வருக்கு 10.0.2.2 என்று கொடுக்க வேண்டும். கிளியர்டெக்ஸ்ட் (மறையாக்கம் இல்லாத இணைப்பு) அனுமதி இல்லை என்று வந்தால், ஆண்ட்ராய்டு 9 முதல் சாதாரண எச்டிடிபி இயல்பாகவே தடுக்கப்படுவதுதான் காரணம்.

லாக்கேட்டின் பெரிய குறை இரைச்சல். சும்மா ஓடவிட்டால் சிஸ்டம் செய்திகள் அருவியாகக் கொட்டும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் புதிய லாக்கேட் சாளரத்தில் ‘பேக்கேஜ் மைன்’ என்ற வடிகட்டி வந்த பிறகு இது வெகுவாகக் குறைந்தது. ஆப் செத்து மீண்டும் எழுந்தாலும் அது விடாமல் பின்தொடர்கிறது. டெர்மினலில் பிராசஸ் எண்ணை (ஓடும் ஆப்புக்கு சிஸ்டம் தரும் எண்ணை) வைத்து வடிகட்டினால் ஒவ்வொரு முறையும் எண் மாறிவிடும். அதனால் டெர்மினலில் டேகை வைத்து வடிகட்டுவதையே விரும்புகிறேன். சோதனைக்கு முன் பழைய லாக்கைத் துடைத்துவிடுவது நல்ல பழக்கம்.

ஐஓஎஸ் சிமுலேட்டரில் சஃபாரியின் டெவலப் மெனு குரோம் இன்ஸ்பெக்ட்டின் வேலையைச் செய்கிறது. ஐஓஎஸ் 16.4 முதல் வெப்வியூவில் ‘இன்ஸ்பெக்டபிள்’ அமைப்பை இயக்கியிருக்க வேண்டும். மெனுவில் ஆப் தெரியவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.