ஜப்பானில் 9 மாத ஊரகத் தலைவர் பயிற்சி: யாருக்குப் பொருந்தும்?

டோக்கியோவுக்கு வடக்கே, டொச்சிகி மாவட்டத்தின் நாசுஷியோபாரா நகரில் இருக்கிறது ஏஷியன் ரூரல் இன்ஸ்டிட்யூட். தொஷிஹிரோ தகாமி 1973இல் தொடங்கியது. 1996இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகளிலிருந்து வரும் களப்பணியாளர்கள் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை இங்கே தங்கிப் படிக்கிறார்கள். 9 மாதம் எதற்கு என்று தோன்றலாம். ஒரு நெல் போகம் முழுதாக அதற்குள் அடங்கிவிடுகிறது. நட்ட பயிரை அறுத்து, சோறாக்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். மூன்று நாள் முகாமில் இது எப்படியும் கிடைக்காது.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபுட்லைஃப்', உணவும் வாழ்வும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது என்று பொருள். வயல், கோழி, பன்றி, சமையல் எல்லாமே பாடம். காலை உணவுக்கு முன்பே உடற்பயிற்சி, துப்புரவு, பண்ணை வேலை முடிந்துவிடும். மாலையில் மறுபடி பண்ணை. குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் நிலமும் கால்நடையும் கொடுப்பார்கள். குழுத் தலைவர் பொறுப்பு முறை வைத்து எல்லோருக்கும் வரும். தலைமைப் பண்பு பற்றி வகுப்பும் உண்டு. ஆனால் கோழிக்குத் தீவனம் வைக்க மறந்த அன்று மாலை, குழுவைக் கூட்டி முகத்துக்கு நேராகப் பேசவேண்டியிருக்கிறதே, அந்தப் பயிற்சிதான் ஆளை மாற்றுகிறது.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. சாணி அள்ளத் தயங்காத கை பன்றிக் கொட்டகையில் தயங்கும், கழிப்பறை கழுவும் முறை வரும்போதும் தயங்கும். சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். இந்த ஒன்றுக்காகவே இந்தப் பயிற்சியை மதிக்கிறோம்.

கையோடு கொண்டுவரக்கூடிய தொழில்நுட்பம் போகாஷி, ஜப்பானிய முறையில் புளிக்கவைத்துச் செய்யும் உரம். தவிடு, கோழி எரு, மண், இலைமக்கு, கொஞ்சம் வெல்லப்பாகு கலந்து நீர் தெளிக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும், அதுதான் பதம். விரலிடுக்கில் நீர் கசிந்தால் குவியல் அழுகி நாறும். சாக்குப் போட்டு மூடி, சூடு 55 டிகிரியைத் தாண்டாதபடி தினமும் புரட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் சூடு அடங்கி, உலர்ந்து, புளித்த வாசம் வரும். ஊருக்கு வந்து செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். கோடையில் வெயிலில் குவித்துக் காயவிடுவது ஒன்று. நிழலும், சற்றுக் கூடுதல் தெளிப்பும் வேண்டும். மற்றது தவிட்டுச் செலவு. இங்கே தவிடு மாட்டுத் தீவனத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் போகிற பொருள், சும்மா கிடைக்காது. அளவைக் குறைத்து, கைக்கு எட்டும் புண்ணாக்குத் தூளையோ உமி கலந்த மட்டத் தவிட்டையோ சேர்த்துச் சின்னக் குவியலில் பார்த்துவிட்டு, பிறகு பெருக்குவது நல்லது.

பயிற்சியின்போது அழைத்துப்போகும் இடங்களில் ஆஷியோ செப்புச் சுரங்கம் முக்கியமானது. அதன் கழிவு ஆற்றில் கலந்து விவசாயிகளை அழித்ததை எதிர்த்து, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தனாகா ஷோசோ 1901இல் பேரரசரிடமே மனுக் கொடுக்கத் துணிந்தார். சாயக்கழிவையும் தோல்கழிவையும் எதிர்கொள்கிற நொய்யல், பாலாற்றுக்காரர்களுக்கு அந்த இடம் நன்றாகவே புரியும். 2011 ஃபுகுஷிமா விபத்தின் கதிர்வீச்சு இந்த வளாக மண்ணிலும் படிந்தது. உணவில் கதிரியக்கத்தை அளக்கும் நிலையத்தை அவர்களே அமைத்துக்கொண்டார்கள். உழுகிறவன் தன் மண்ணைத் தானே அளந்து பார்ப்பதைவிடப் பெரிய பாடத்தை எந்த வகுப்பும் தந்துவிடாது.

குறைகளும் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிறது. சரளமாகப் பேசுகிறவர் கூட்டத்தை எடுத்துக்கொள்ள, வேலையில் கெட்டிக்காரர் பின்னால் ஒதுங்குகிறார். குளிர்நாட்டுப் பயிர் அட்டவணை நம் விதைப்புப் பருவத்துக்குப் பொருந்தாது. பட்டமும் கிடையாது, சான்றிதழ் மட்டும்தான். அரசு வேலைக்கு அதை நம்பிப் போகவேண்டாம்.

தனியாளாக விண்ணப்பிக்க முடியாது, ஊரில் வேலை செய்யும் அமைப்பு ஒன்று அனுப்பவேண்டும். கிளம்புமுன் அந்த அமைப்பிடம் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: திரும்பியதும் பயிர் செய்ய நீர் வசதியுள்ள அரை ஏக்கராவது தருவார்களா, முதல் ஓராண்டு அலுவலக மேசையில் உட்காரவைக்காமல் ஊரில் விடுவார்களா. இந்த இரண்டுக்கும் பதில் இழுபறியாக இருந்தால் அந்த ஆண்டு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடலாம்.